பதினோராம் நாள் கொப்புளம்

“அய்யோ... எரியுதே!”

மரகதத்தின் அலறலில் ஒரகடத்தின் ஒற்றை அறை ஆஸ்பத்திரி அதிர்ந்தது!

1977, மே மாதம்.

முதுகெங்கும் கொப்புளங்கள். கையில் வாடிய வேப்பிலைக் கொத்து.

டாக்டர் சகாயமேரி மரகதத்தின் கணவனை முறைத்தாள்.

“பத்து நாளா என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தே, தசரதா?”

“ஆத்தா எறங்கிகீறாம்மா... வூட்ல தாளிக்கக்கூட இல்ல. அம்மைக்கு மருந்து குடுக்கக் கூடாதே...”

தசரதன் யார் கண்ணையும் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தான்.

“உனக்கு என்ன?”

“ஒரு மாசமா வயித்துவலி. என்னை வுடுங்க, அவளைப் பாருங்க!”

கொப்புளம் இல்லாத இடத்தில் டாக்டர் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தாள்.

தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு உரிந்தது!

“காய்ச்சல் வந்துதா, மரகதம்?”

“இல்லம்மா. வாய்ப்புண்ணுதான்... மூணு மாசமா.”

கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்த டாக்டர் விருட்டென்று நிமிர்ந்தாள்.

“இது அம்மையே இல்ல!”

தடால்!

தசரதன் டாக்டரின் காலில் கிடந்தான்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா! நான்தாம்மா... எலிப் பாஷாணம்... தெனம் ஒரு சிட்டிகை... கூழுல! அன்னபுஷ்பத்தைக் கட்டிக்கிற ஆசையில... கொப்புளத்தைப் பாத்ததும் நிறுத்திட்டேன். கண்ணை மூடவே முடியலம்மா... என்னை ஜெயில்ல போடுங்க, அவளைக் காப்பாத்துங்க!”

டாக்டர் காலை உதறி விலக்கிக்கொண்டாள்.

“அடப்பாவி... இது விஷத்தால வந்ததில்ல! பெம்ஃபிகஸ்னு ஒரு அபூர்வ நோய். தோல்ல செல்லெல்லாம் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். நடுவுல சிமெண்ட் மாதிரி ஒரு பசை. உடம்போட காவல்படையே அந்தப் பசையை எதிரின்னு நெனச்சு அறுக்குது! செல்லெல்லாம் பிரிஞ்சு உருண்டை உருண்டையா மெதக்குது, பாரு. வாய்லதான் மொதல்ல ஆரம்பிக்கும். ஸ்டீராய்டு குடுத்தா பொழைச்சுக்குவா.”

“அப்போ... நான் கலந்த பாஷாணம்?”

மரகதம் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

“புளிச்ச கூழு புண்ணுல பட்டா நெருப்பா எரியுமே! ஒரு வாய்கூட எறங்கல. நீ கோச்சுக்குவேன்னு பூராத்தையும் கோழிக்கு ஊத்திட்டேன்.”

“கோ... கோழிக்கா?”

“நாலும் வரிசையா செத்துதே, ஞாபகம் கீதா? தூக்கிப் போட மனசு வரல...”

தசரதனின் கை மறுபடி வயிற்றுக்குப் போனது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

“யோவ்... மொளகு தூக்கலா கொழம்பு வச்சா, சட்டியைக்கூட வுடாம வழிச்சுத் தின்னவன் நீதானேய்யா!”