நூல் பொருத்தம்

மாலை நான்கு மணிக்குக் கடிகாரங்கள் நின்றன.

செம்பேட்டையில் அவை தினமும் நிற்பதுதான். செவ்வாயின் ஒரு நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று முதல் குடியேறிகள் யோசித்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற அமர யோசித்தார்கள். கடைசியில் மாலை நான்கு மணிக்குக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அந்த முப்பத்தொன்பது நிமிடமும் ஊரே புத்தகம் படிக்க வேண்டும் என்று சாசனத்தில் எழுதிவைத்தார்கள்.

அது நான்கு தலைமுறைக்கு முன்பு. இப்போது ஒரு புத்தகம் படிக்க நான்கு நொடி போதும். ஐந்து வயதில் எல்லாருக்கும் காதுக்குப் பின்னால் நூலேற்றி பொருத்திவிடுகிறார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். அதைத் தொட்டுப் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கதைச்சுருக்கமும் மூன்று மேற்கோள்களும் ஒரு கருத்தும் மூளையில் இறங்கும். இரத்தத்தில் ஒரு துளி சுரப்புநீர் கலந்து, படித்த நிறைவும் உண்டாகும். மீதி நேரத்தில் படித்ததை அடுத்தவருக்குப் பரிந்துரைப்பார்கள்.

அன்றும் கண்ணாடிக் கூரையின் கீழே தெருவெங்கும் அதே பேச்சுதான்.

"அவசியம் படிக்கணும் அண்ணாச்சி. நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன்."

இரண்டு தடவை என்றால் எட்டு நொடி.

காந்திமதி மட்டும் பாசிப் பண்ணையில், இரண்டு தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, காகிதப் புத்தகம் ஒன்றைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள். பாசிதான் ஊருக்கு மூச்சுக்காற்று தந்தது. அதன் சக்கையிலிருந்து காகிதமும் செய்யலாம். செய்வதற்கு ஆள் இல்லை. காந்திமதி செய்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. வழியாகப் போனவர்கள் அவள் பக்கம் பார்க்காமல் போனார்கள். குளியலறைக் கதவு திறந்திருந்தால் எப்படிப் போவார்களோ அப்படி.

புத்தகத்தின் பெயர் 'எட்டுக் கம்பிக் குடை'. பூமியில் ஏதோ ஒரு மழை ஊர். அங்கே குடை ரிப்பேர் செய்யும் ஒருவர், அவருடைய மகள். கடைசி அத்தியாயத்தில் மழை நின்றுவிடுகிறது. மகள் குடையை மடக்காமல் தெருவில் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. காந்திமதி மழையைப் பார்த்ததில்லை. குடையையும் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஏன் குடையை மடக்கவில்லை என்பது ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அவளுக்குப் புரிந்தது. அடுத்த தடவை வேறு மாதிரி புரிந்தது.

அதைப் பற்றிப் பேச அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பாசித்தாளில் பிரதிகள் அடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். "மொத முப்பது பக்கம் மெதுவாத்தான் போகும், அதுக்கப்பெறவு விடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒரு பிரதி பக்கத்து வீட்டில் காற்று உருளைக்கு முட்டுக் கொடுத்தது. இன்னொன்று அவள் சித்தி வீட்டு ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக இருந்தது. எல்லாரும் அருமை என்றார்கள்.

கல்யாணமும் இதனால்தான் தட்டிப்போயிற்று.

செம்பேட்டையில் ஜாதகம் கிடையாது. பிறந்ததே செவ்வாயில், இனி யாருக்கென்று செவ்வாய் தோஷம் பார்ப்பது என்று இரண்டாம் தலைமுறையிலேயே விட்டுவிட்டார்கள். மூடநம்பிக்கையை ஒழித்த பெருமையோடு அந்த இடத்தில் நூல் பொருத்தம் கொண்டுவந்தார்கள். பெண்ணும் பையனும் தங்களுக்குப் பிடித்த, திரும்பத் திரும்பப் படிக்கத் தகுந்த பத்துப் புத்தகங்களைச் சொல்ல வேண்டும். ஆறு ஒத்துப்போனால் கல்யாணம். எந்தப் பத்தைச் சொல்ல வேண்டும் என்று தரகர்களே சொல்லிக்கொடுத்துவிடுவதால் பெரும்பாலும் பத்துக்குப் பத்தும் ஒத்துப்போகும்.

காந்திமதி ஒன்றே ஒன்றைச் சொன்னாள்.

முதல் பையன் வந்தான். 'எட்டுக் கம்பிக் குடை'யை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். "மனித உறவுகளின் ஈரத்தைப் பேசும் படைப்பு" என்றான். "மழ நின்ன பெறகும் அவ ஏன் குடைய மடக்கல?" என்று காந்திமதி கேட்டாள். அவன் காதுக்குப் பின்னால் தொட்டு இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தான். "உறவுகளோட ஈரம்" என்றான். இரண்டாவது பையனும் அதே வாக்கியத்தைச் சொன்னான், ஓர் எழுத்து மாறாமல். காந்திமதி அவனிடம் கேள்வி கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவதாக ஒரு வரன் சேதியோடு தரகர் பேச்சிமுத்து வந்தபோது அவர் முகமே சரியில்லை. காந்திமதியின் அம்மா மங்கை தண்ணீர் கொடுத்தாள்.

"பையன் பேரு தளவாய்" என்றார் பேச்சிமுத்து. "தெக்குச் சுரங்கத்துல வால்வு பாக்கான். நல்ல குணம். ஒரு கொற இருக்கு மைனி."

"குடிப்பானோ?"

"குடிச்சாத்தான் பரவாயில்லையே. சின்ன வயசுல காதுல ஆபரேசன் நடந்திருக்கு. நூலேற்றி வைக்க முடியாம போச்சு. ஒங்க மக புத்தகத்தக் குடுத்தேன். உடனே பதில் சொல்லுவான்னு பாத்தா, டயம் கேக்கான்."

"எதுக்கு டயம்?"

பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "படிக்கணுமாம்."

மங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். உள்ளறையில் காந்திமதி எழுந்து நின்றது கேட்டது.

"எவ்வளவு டயம் வேணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

தளவாய் ஒரு மாதம் கழித்துப் பேச்சிமுத்துவோடு வந்தான். கறுத்து, நெட்டையாக இருந்தான். அவன் கையிலிருந்த பிரதி உப்பிப்போயிருந்தது. ஓரங்களில் வால்வு எண்ணெய்க் கறை. மங்கை அதைப் பார்த்து முகம் சுளித்தாள். தான் கொடுத்த ஒரு பிரதி அழுக்காகிக் காந்திமதி பார்த்ததே இல்லை.

மங்கை மகளின் காதருகே குனிந்தாள். "ஏட்டி, இந்தத் தடவையாவது வாய மூடிக்கிட்டு இரி. கேள்வி கேட்டு வெரட்டிராத."

கடிகாரங்கள் நின்றன.

"படிச்சியளா?" என்றாள் காந்திமதி.

"ரெண்டு தடவ படிச்சேன்" என்றான் தளவாய். "மொதத் தடவ பிடிக்கல. நாமதான் சரியாப் படிக்கலையோன்னு மறுபடியும் படிச்சேன். அப்பவும் பிடிக்கல."

பேச்சிமுத்து கூரையைப் பார்த்தார்.

"என்ன பிடிக்கல?"

"அந்தப் பொண்ணு. ஊரு பூரா அவள நல்லவங்குது. எழுதினவரும் அப்படித்தான் சொல்லுதாரு. எனக்குத் தெரிஞ்சு, அப்பனுக்கு ஒரு வேள சோறு போட்டதில்ல அவ."

"நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல போடுதா."

"அது பூனைக்கு."

காந்திமதி புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பூனைக்குத்தான்.

"சரி" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கடைசியில குடைய ஏன் மடக்காம நிக்கா?"

"அவளுக்கு மடக்கத் தெரியாது."

"என்னது?"

"கத நெடுக அவ குடைய மடக்கவே இல்ல. வீட்டுக்குள்ள வந்ததும் அப்பன் கையில குடுப்பா, அவருதான் மடக்கி வைப்பாரு. கடைசியில அவரு செத்துட்டாருல்லா."

இத்தனை வருடத்தில் சுதந்திரம், துக்கம், பிடிவாதம், மழையின் மேல் ஆசை என்று என்னென்னவோ காந்திமதிக்குப் புரிந்திருந்தது. இது மட்டும் தோன்றியதே இல்லை. அவன் சொல்வது தப்பு என்றாள். அவன் இல்லை என்றான். அவள் இருபதாம் பக்கத்தைக் காட்டினாள். அவன் அறுபத்தாறைக் காட்டினான். கடிகாரங்கள் மறுபடி ஓடத் தொடங்கியது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இது முறிந்துபோன சம்பந்தம் என்று முடிவுகட்டி மங்கை பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப் போனாள்.

"எனக்குச் சம்மதம்மா" என்றாள் காந்திமதி.

தட்டு திரும்பி வந்தது.

கிளம்பும்போது தளவாய் பைக்குள் கைவிட்டான். செங்கல் போல ஒரு பழைய புத்தகத்தை எடுத்தான். தயங்கினான்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. 'தாசில்தாரின் மதியம்'. அஞ்சு தடவ படிச்சிருக்கேன். அடுத்தவங்களுக்குக் குடுக்கன்னே இன்னொரு பிரதி வச்சிருக்கேன். சுரங்கத்துல யாருக்குக் குடுத்தாலும் பேர மட்டும் பாத்துட்டு, ஏத்தக்கூடச் செய்யாம திருப்பிக் குடுத்துருதான். நீங்கதான் படிப்பிய."

"என்ன கத?"

"ஒரு தாலுகா ஆபீசு. ஒரு மத்தியானம். தொள்ளாயிரம் பக்கம். மொத எண்பது பக்கத்த மட்டும் பொறுத்துக்கிடணும். அதுக்கப்பெறவு தாசில்தார் வந்துருவாரு."

காந்திமதி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் பெரியவர்களோடு வந்து நிச்சயம் செய்துகொள்வது என்று பேசி முடித்தார்கள்.

மறுநாள் நான்கு மணிக்கு அவள் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் பியூன் ஜன்னலைத் திறந்தான். பதினோராம் பக்கத்தில் மூடினான். பதினான்காம் பக்கத்தில் காந்திமதி புத்தகத்தை மூடினாள்.

அவசரம் இல்லை, ஒரு மாதம் இருக்கிறது. மனம் ஒன்றிப் படிக்க வேண்டிய புத்தகம் இது, பண்ணைச் சத்தத்தில் படிப்பது அதற்குச் செய்யும் மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் படிக்கலாம் என்று கொண்டுபோனாள். வீட்டில் அம்மாவின் சத்தம். திரும்பவும் பண்ணைக்குக் கொண்டுவந்தாள். இப்படி அந்தச் செங்கல் நாள்தோறும் போய்வந்தது. அதைத் தினமும் சுமப்பதால் தினமும் அதோடு இருப்பதாக ஓர் எண்ணம் வந்தது. ஏறக்குறைய படிப்பது மாதிரிதான்.

இதற்கிடையில் பூனை விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் சொன்ன கண்ணோடு 'எட்டுக் கம்பிக் குடை'யை மறுபடி ஆரம்பித்தாள். அவன் சொன்னது சரிதான். அவனே கவனிக்காத இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பூனைக்குப் போட்டதும் முந்தின நாள் சோறு. அவனிடம் சொல்லத் துடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய புத்தகத்துக்கு அவளைத் தவிர இன்னொரு வாசகன் இருந்தான். இந்த ஒருவனை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

'தாசில்தாரின் மதியம்' அவள் மடியில் இருந்தது. குடைப் புத்தகத்தை வைத்துப் படிக்க வசதியான உயரம்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மங்கை அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையன் குடுத்தத முடிச்சிட்டியா?"

"முடிச்சிருவேன்."

"எப்ப முடிப்ப? அவன் கிளம்பிட்டானாம். எது வர ஆயிருக்கு?"

"பியூன் ஜன்னல மூடிட்டான்."

"அது நல்லதா கெட்டதா?"

காந்திமதி ஒரு கொண்டை ஊசியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"நாலு நொடி வேலைக்கு என்னத்துக்குட்டி இப்படி முழிக்க?" என்றாள் மங்கை. "ஒனக்கும்தான காதுல வச்சிருக்கு. துருப்பிடிக்கவா வச்சோம்?"

அம்மா பூ எடுக்கப் போனதும் காந்திமதி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பொறுமையாக, ஒரு வரி விடாமல் படிக்கத்தான் போகிறாள். இது வெறும் முன்னுரை மாதிரி. காதுக்குப் பின்னால் விரல் வைத்தாள். பெயரைச் சொன்னாள்.

நான்கு நொடி. தாசில்தார் வந்தார். போனார். மூன்று மேற்கோள்கள் இறங்கின, ஒரு கருத்து இறங்கியது. பிறகு உடம்பெல்லாம் இதமாக ஒரு வெப்பம் பரவியது. நன்றாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க ஏன் இப்படிச் சந்தோஷமாக இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் விளங்கியது.

தளவாய் வீட்டார் நான்கு மணிக்குள் வந்துவிட்டார்கள். பெரியவர்கள் கூடத்தில் தட்டு மாற்றும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காந்திமதியையும் தளவாயையும் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக் கூரைக்கு அப்பால் செம்மண் புழுதி பறந்தது. கடிகாரங்கள் நின்றன.

அவன் அவளைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குப் பயமில்லை. செம்பேட்டையில் நூலேற்றி என்ன சொல்லும் என்று தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

"அதிகாரத்தோட வெறுமைய இவ்வளவு நுட்பமா வேற யாரும் எழுதல" என்றாள்.

தளவாயின் முகம் மலர்ந்தது. அவன் கண்ணில் நீர் கோத்ததுகூட அவளுக்குத் தெரிந்தது.

"இப்படி ஒரு வார்த்த யாராவது சொல்ல மாட்டாவளான்னு இருந்தேன்" என்றான். "தொள்ளாயிரம் பக்கத்த ஒரு மாசத்துல முடிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஒங்ககூடவே சேந்து போவோம்னு நானும் மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். நேத்து நானூறுல நிறுத்திட்டேன், ஒங்களத் தாண்டிப் போயிரக்கூடாதுன்னு. நீங்க எது வரைக்கும் வந்திருக்கிய?"