இரண்டு வாட் போர்டு

ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை மேஜையில் வைத்திருந்தான் சரவணகுமார். ஆனாலும் அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாலை ஆறு மணி. மழை பிடித்ததிலிருந்து வேங்கிக்கால் முழுக்கக் கரண்ட் இல்லை. மாடி அறையின் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில், கீழ்வீட்டின் பூட்டிய கதவு காற்றில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஈரச் சிமெண்டு வாசனையோடு ஊதுவத்தி வாசனையும் படியேறி வந்தது. கீழ்வீட்டு ஹைமவதி டீச்சரின் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த டீச்சருக்குப் பகலில் துணையில்லை. சமையல்கார எல்லம்மாள் காலையில் வந்துபோனால் மறுபடி சாயங்காலம்தான் வருவாள். அம்மா குரல் கொடுத்தால் சென்னையிலிருக்கும் தன் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு பெட்டி செய்து தரச் சொன்னது மகள் சைலஜா. மாடியில் குடியிருந்த சரவணகுமார் உற்சாகமாக ஒத்துக்கொண்டான்.

அவனிடம் இரண்டு போர்டுகள் இருந்தன. ஒன்று பெரியது, சூடாகும். ஆனால் அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் அதில் ஒரு குறையுமில்லாமல் ஓடும். மற்றது தீப்பெட்டி அளவு, இரண்டு வாட் மின்சாரம் போதும். சும்மா இருந்தால் தூங்கிவிடும், தூங்கி எழுந்தால் நெட் மட்டும் எழாது. அந்தக் குறை இன்னும் சரியாகவில்லை என்று லினக்ஸ் செய்கிறவர்களே இணையத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அவன் அதைப் படித்தான். இரண்டு முறை படித்தான். இவ்வளவு சின்ன போர்டில் இதை யாருமே ஓட்டிக் காட்டியதில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது. சின்னதையே எடுத்தான். படம் பிடித்துப் போட்டான். இருபத்தாறு பேர் பாராட்டினார்கள்.

டீச்சர் கட்டிலிலிருந்து விழுந்த அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான்.

நேற்று ஊருக்குக் கிளம்பும்போது சைலஜா பெட்டியை அவனிடம் கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா கடைசியா கூப்பிட்டாளா, சரவணா? இதுல ஏதாவது இருக்கா?"

"ஒன்னும் இல்லக்கா. விழுந்த உடனே போயிட்டிருப்பாங்க."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கஷ்டப்படல. அது போதும். உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

அந்தக் கை பட்ட இடம் இன்னும் கூசியது. ஏனென்றால் அவள் கேட்கும் முன்பே அவன் பெட்டியின் பதிவைப் பார்த்திருந்தான். காலை பத்து பன்னிரண்டிலிருந்து மாலை நாலரை வரை, வரிவரியாக: குரல் கேட்டது, செய்தி போகவில்லை. நாற்பத்து மூன்று வரிகள்.

அதை அழிக்கத்தான் இப்போது உட்கார்ந்தான். பதிவு இருந்த மெமரி கார்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். பச்சை விளக்கு அணையவில்லை. பாட்டரியில் ஓடிய லேப்டாப்பில் போர்டை இணைத்தான்.

திரையில் வரிகள் இறங்கின. நாற்பத்து மூன்று. கார்டு அவன் உள்ளங்கையில் இருந்தது.

நாற்பத்து நான்காவது வரி வந்தது. இன்றைய தேதி. மணி 6.04.

குரல் கேட்டது, செய்தி போகவில்லை.

அவன் மூச்சை அடக்கினான். மழை. கதவின் அதிர்வு. வேறொன்றும் இல்லை.

6.05. குரல் கேட்டது.

இந்த அறையில்.

6.05. குரல் கேட்டது.

ஓடியிருக்கலாம். கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கனமாக ஏதோ நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. போனை எடுத்து சைலஜாவை அழைத்தான்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அம்மா கூப்பிட்டாங்க. பெட்டிக்குக் கேட்டுச்சு. என் தப்பாலதான் உங்களுக்கு வரல. அந்த போர்டு சரியில்லனு எனக்கு முன்னயே தெரியும்க்கா."

"எத்தன தடவ கூப்பிட்டா?"

"நாப்பத்தி மூணு."

சைலஜா மெதுவாகக் கேட்டாள்: "பக்கத்துல யாரு?"

"யாருமில்லக்கா."

"அம்மா பேசறா."

"அக்கா..."

"பேசாத. கேக்க விடு." பிறகு சொன்னாள். "உன்னத்தான் கூப்பிடறா. கீழ கெடக்கேன், தூக்கி விடுப்பான்னு சொல்றா."

குனியக் கூடாது என்று நினைத்தான். குனிந்தான்.

மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக, ஒருக்களித்துக் கிடந்தாள் ஹைமவதி டீச்சர். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இன்னொரு கை அவன் முழங்காலை நோக்கி நீண்டிருந்தது. கண்கள் அவன் மேல். உலர்ந்து வெடித்த உதடுகள் திறந்தன. மூடின. திறந்தன.

"இதோ வரேம்மா," என்று போனில் சைலஜா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உதடுகள் நிற்காமல் அசைந்தன. ஒரு சத்தமும் அவன் காதுக்கு வரவில்லை.