புதனுக்கும் உண்டு காந்தப் புலம்

“ஐயையோ, அது நனையுதே! உள்ள வச்சுக்கிருங்க!”

கோவிலூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஐப்பசி மழைக்கு ஒதுங்கி நின்ற நாகநாதன் திடுக்கிட்டுத் திரும்பினான். நம்மீது இத்துணைப் பரிவா... இல்லை. மழைத்துளி தங்கிய இமைகளின் கீழிருந்து அப்பெண்ணின் விழிகள், அவன் கையிலிருந்த அறிவியல் இதழையே நோக்கின.

“இது என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாம என்ன? மார்ச்சு மாசம் மாரினர் விண்கலம் புதன் கிரகத்துக்கிட்ட எடுத்த அளவெல்லாம் இதுலதான் வந்திருக்கு. மூணு வாரமா லைப்ரரிக்கு நடக்கேன். யாரோ புண்ணியவான் எடுத்துட்டுப் போயித் தரலையாம்.”

அந்தப் புண்ணியவான், அட்டையிலிருந்த நூலக முத்திரையை விரலால் மறைத்துக்கொண்டான்.

அவள் கல்யாணசுந்தரி, கல்லூரியில் இயற்பியல் முதுகலை மாணவி. “மெதுவாச் சுத்துற புதனுக்குக் காந்தப் புலமே கிடையாதுன்னு நாகநாதன்னு ஒரு மேதாவி பத்திரிகையில எழுதியிருக்காரு. இருக்குன்னு ரேடியோவுல ஒரு வரி சொன்னாக. அதை மட்டும் வச்சுச் சனிக்கிழமை காலேஜ் மேடையில எப்படிப் பேச? அன்னைக்கு என் பேச்சைக் கேட்டுட்டுத்தான் மேல படிக்க விடுறதா இல்லையான்னு எங்கப்பா முடிவு பண்ணுவாரு.”

பேருந்து வந்தது. பெயரும் கூறாமல், இதழையும் கொடாமல், அவன் ஏறிவிட்டான். இதழ் மறைந்திருக்கும்வரை தன் பிழையும் மறைந்திருக்குமே... ஆனால், அந்த விழிகள்?

சனிக்கிழமை. அவள் பேசத் தொடங்கியதுமே பேராசிரியர் இடைமறித்தார். “அச்சுல வந்த ஆதாரம் எங்கம்மா?”

அவை நகைத்தது. முன்வரிசையில் அவள் தந்தை தலைகுனிந்தார்.

“இங்க இருக்குங்க, ஐயா.”

கடைசி வரிசையிலிருந்து நாகநாதன் எழுந்து வந்தான். “அந்தக் கட்டுரையை எழுதுன நாகநாதன் நான்தான். எழுதுனது தப்பு. இதை மூணு வாரமா ஒளிச்சு வச்சிருந்ததும் நான்தான்.”

அவள் கண்களில் சினம் மூண்டது. ஆயினும் இதழை வாங்கிப் படிக்கலானாள். சூரியனிலிருந்து பாய்ந்துவரும், மின்னூட்டமுள்ள பிளாஸ்மாத் துகள்கள் புதனை அணுகுமுன்னரே விலகிச் சென்றதையும், கலத்தின் காந்தமானி காட்டிய அளவு சட்டென உயர்ந்ததையும் எடுத்துரைத்தாள். புவியின் புலத்தில் நூற்றிலொரு பங்குதான், எனினும், உண்டு!

கூட்டம் கலைகையில் அவள் தந்தை பேராசிரியரை அணுகினார். “ஆராய்ச்சிப் படிப்புக்கு எப்பங்க மனுப் போடணும்?”

தாழ்வாரத்தில் அவள் நாகநாதனை மறித்தாள். “பேசாம இருந்திருந்தா ஒங்க பேரு கெட்டிருக்காதுல்ல? ஏன் கொண்டாந்தீக?”

“அப்படி நெனச்சுத்தான் அன்னைக்கு பஸ் ஏறுனேன். ஆனா... நீங்க அவமானப்பட்டு நிக்கிறதை என்னால தாங்க முடியாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. ஒங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, கல்யாணசுந்தரி.”

அவள் நிலம் நோக்கியவாறே மொழிந்தாள்.

“எனக்குந்தான்... அந்தா, எங்கப்பா நிக்கிறாரு. தப்பைச் சபையில சொன்னீகளே, இதையும் அவருகிட்ட அப்படியே சத்தமாச் சொல்லுங்க.”