காலி நாற்காலிகளின் வாக்கு

ஏதோ தெருவிளக்கு மசோதாதான். ஆனால் ஆளில்லாத எதிர்வரிசையிலிருந்து யாரோ ‘ஆம்’ என்றார்கள்.

சுருக்கெழுத்துக்காரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குப் பாம்புக் காது. பதினேழு வருடமாகச் சட்டசபையின் நடுவே உட்கார்ந்து, யார் தும்மினாலும் எந்த நாற்காலி என்று சொல்லிவிடுவாள். விதி மீறினார், விசாரணை இருக்கிறது என்று எதிர்வரிசை உறுப்பினர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, போன வாரம் கடைசி ஆளாக அவள் தம்பியையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு, அந்தப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகளும் ஈரக் கம்பள வாடையும் ஏசியின் உறுமலும்தான் மிச்சம். எல்லாம் சட்டப்படி. ஒவ்வொன்றையும் அவள்தான் ஒரு எழுத்துப் பிசகாமல் குறித்து வைத்தாள், கை வெட்கமில்லாமல் ஓடியது.

“அண்ணே, அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சா?” என்று அவைக்காவலரிடம் கிசுகிசுத்தாள்.

“கேட்டதை எழுதும்மா. அதுக்குத்தானே உன்னை உக்கார வச்சிருக்கு?” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த மசோதா. பிடித்து வைக்கப்பட்டவர்களை இனி நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. இது நிறைவேறினால் தம்பி வீடு திரும்ப வழியே இல்லை.

“ஆதரிக்கிறவர்கள்?” என்றார் அவைத்தலைவர்.

ஆளும் வரிசை முழங்கி அடங்கியது. பிறகு எதிர்ப்பக்கம். மெதுவாக. ஒன்றன்பின் ஒன்றாக. ஆம். ஆம். வெளியே அனுப்பப்பட்ட முன்னாள் வாத்தியாரின் மூக்குக் குரல். லாரி சங்கத்துக்காரரின் கரகரப்பு. நாற்காலிகள் ஆளில்லாமல் மடங்கியபடியே இருந்தன. ஆளும் வரிசையில் ஒருத்தரும் அசரவில்லை, பாவிகள், செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தம்பி.

மேடையில் கேட்கிற குரல் இல்லை. சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவும்போது வருமே, அது.

“ஆம்.”

“எதிர்க்கிறவர்கள்?”

ஒரே ஒரு ‘இல்லை’ கேட்டால் போதும். பிடிபட்டவர்கள் உட்பட உறுப்பினர்கள் அத்தனை பேரையும் வரவழைத்துத் தலை எண்ணியாக வேண்டும். விதி அது. அவளுக்கு வாக்கில்லை. இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே.

எழுந்தாள். மூச்சை இழுத்தாள்.

தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி முந்திக்கொண்டது. பெண்குரல்.

“ஆம்.”

அவளுடைய குரல்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே அது சொல்லிக்கொண்டே இருந்தது.