அடெல்குண்டாவின் பக்கத்துப் பெட்டி

வெண்கலக் கையின் விரல்கள் மடங்கியிருந்தன.

வல்புர்கா கைவிளக்கை உயர்த்திப் பார்த்தாள். இருபது வருடங்களாக, வாரத்தில் ஐந்து நாள் அவள் பார்க்கிற கை அது. இளவரசி அடெல்குண்டாவின் சவப்பெட்டியிலிருந்து, அதோடு சேர்த்து வார்த்த சிற்பமாக, பக்கத்துக் காலிப் பெட்டியை நோக்கி நீண்டிருக்கும். உள்ளங்கை மேலே பார்த்திருக்க, ஐந்து விரலும் விரிந்திருக்கும். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு உள்ளங்கை மட்டும் பளபளவென்று மின்னும். இன்று அந்த மினுக்கம் தெரியவில்லை. எதையோ பொத்திக்கொண்டதுபோல விரல்கள் மூடியிருந்தன.

"நிழல்தான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, விளக்கைக் கொக்கியில் மாட்டினாள். கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் நவம்பர் மாதத்து வியன்னாவில் மூன்று மணிக்கே வெளிச்சம் மூட்டை கட்டத் தொடங்கிவிடும்.

அவளும் அவளோடு வாழ்கிற ஓட்மாரும் சேர்ந்து சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு நகர் உலா நடத்தினார்கள். அரச குடும்பத்தின் இதயங்கள் வெள்ளிக் கிண்ணங்களில் ஒரு கோயிலில். குடல்கள் செப்புக் குடங்களில் இன்னொரு கோயிலில். மிச்ச உடம்பு வேறொரு நிலவறையில். "செத்த பிறகும் ஒரு இடத்துல அடங்காத குடும்பம்" என்று ஓட்மார் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கடைசி நிறுத்தம் இந்தச் சின்ன மடத்தின் நிலவறை. அடெல்குண்டாவும் அவளுக்கு நிச்சயித்தவனும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்போம் என்று சத்தியம் செய்து, இரண்டு பெட்டிகளையும் உயிரோடிருக்கும்போதே செய்துவைத்தார்கள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வேற்றூரில் மண்ணுக்குள் போனான். அவனுடைய பெட்டியில் பெயர்த்தகடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

கூட்டத்தை ஓட்மார் பெரிய தெரு வழியாக நடத்தி வருவான். வல்புர்கா குறுக்குச் சந்தில் முன்னால் வந்து, உள்ளே நின்று, காவல் துறவியாக நடிப்பாள். பழைய வழக்கம் அது. அரச குடும்பத்துப் பிணம் வந்தால் வெளியே இருப்பவர் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து "யார்?" என்ற கேள்வி வரும். பட்டங்களை எல்லாம் அடுக்கினால், "தெரியாது" என்பார் துறவி. வெறும் பெயரைச் சொன்னாலும் "தெரியாது." மூன்றாம் முறை, "ஒரு பாவி" என்றால்தான், "உள்ளே வரட்டும்." தொண்டையைக் கரகரப்பாக்கி அவள் அதைச் சொல்லும்போது வெளியே நிற்கிறவர்களுக்கு மயிர் கூச்செறியும். இருபது வருடத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு நாக்கில் படிந்துவிட்ட வார்த்தைகள்.

காத்திருக்கும்போது அவள் மனம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, போன வாரம்தான், ஐம்பத்துமூன்று வயதில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான் மனுஷன். காப்பிக் கடையில் வைத்துக் கேட்டான்.

"உன் முழுப் பேரு என்னடி புர்கி? ஞானஸ்நானப் பேரெல்லாம் சேத்து. பதிவு ஆபீஸ்ல கேக்குறாங்க."

"சொன்னா சிரிப்பே."

"செத்தாலும் சிரிக்கமாட்டேன்."

"வல்புர்கா நோட்புர்கா கிரெசென்ட்ஸியா."

சிரிக்கத்தான் செய்தான். பள்ளிக்கூடத்தில்கூட அவள் யாரிடமும் சொல்லாத பெயர்கள். பிறகு ஒரு தாளில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டான், இரண்டு முறை சரிபார்த்தான். எவ்வளவு அக்கறை என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரம் இறுக்கமாக இருக்கிறதென்று ஞாயிற்றுக்கிழமை கடைக்குத் திருப்பி எடுத்துப்போனதும் அவனேதான். இன்று காலை கூட்டத்தைப் படம் பிடிக்க அவளுடைய போனை வாங்கிக்கொண்டதும், நிலவறையை முன்னாலேயே திறந்துவைத்துவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டதும்.

மேலே தெருவில் கஷ்கொட்டை வறுக்கிற வாசனை காற்றுச் சாளரம் வழியாக இறங்கி, மெழுகும் ஈரக்கல்லும் கலந்த நிலவறை வாசத்தோடு சேர்ந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. புதிதாக அராவிய உலோகத்தின் வாசனை. நாக்கில் படுகிற மாதிரி, கூர்மையாக, மிக அருகில்.

டக். டக். டக்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உள்ளே வர விரும்புவது யார்?"

பட்டங்கள் வரவில்லை. ஓட்மாரின் குரல் வந்தது.

"வல்புர்கா நோட்புர்கா கிரெசென்ட்ஸியா."

அடப்பாவி! ஊரார் முன்னால் மானத்தை வாங்குகிறானே. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தெரியாது" என்றாள்.

டக். டக். டக்.

"யார்?"

"நான் கட்டிக்கப்போறவ."

"தெரியாது." இதற்குக் கூட்டம் கை தட்டியிருக்க வேண்டும். யாரும் தட்டவில்லை. ஒரு இருமல் இல்லை. காலணி உரசும் சத்தமில்லை.

டக். டக். டக்.

"யார்?"

"ஒரு பாவி." அவன் குரல் உடைந்திருந்தது.

யோசிப்பதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிட்டது. "உள்ளே வரட்டும்."

வெளியே சாவி திரும்பியது.

திறப்பதற்கு அல்ல. பூட்டுவதற்கு.

"ஓட்மார்? என்ன விளையாட்டு இது? கூட்டம் எங்க?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன்." மரக்கதவுக்கு அந்தப் பக்கம், நெற்றியைச் சாய்த்துக்கொண்டு பேசுகிறவனின் குரல். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, ஞாபகம் இருக்கா புர்கி? நிறைய ஒயின் குடிச்சிருந்தேன். எல்லாரும் சிரிக்கணும்னு அந்தக் கையப் பிடிச்சுகிட்டு, 'நான் வந்து படுக்கறேன்டி'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"மறுநாளே அந்தத் தகட்டுல என் பேரு இருந்துச்சு. என் கண்ணுக்கு மட்டும். அன்னையிலேர்ந்து அடெல்குண்டா தினமும் தட்டுறா. சுவத்துல. கட்டிலுக்கு அடியில. நீ பக்கத்துல குறட்டை விட்டுகிட்டு இருப்பே."

"கதவத் திற, ஓட்மார்."

"ஆள் மாத்திக் குடுத்தா விட்டுர்றேன்னா. நெருக்கமான ஆளா இருக்கணுமாம். கல்யாணப் பேச்சு எடுக்கற அளவுக்கு நெருக்கம். உள்ள வரட்டும்னு அந்த ஆள் வாயாலேயே சொல்லணுமாம்." அவன் மூக்கை உறிஞ்சினான். "எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?"

காலடிகள் படியேறின. நிதானமாக. பாரம் இறக்கிவைத்தவனுடைய காலடிகள். பதினோரு வருடமாகக் கதவுக்கு வெளியே கேட்டதும் அவள் எழுந்துபோய்ச் சூப்பைச் சுட வைக்கிற அதே காலடிகள். பயத்தைவிட முதலில் அதுதான் வலித்தது. ஒரு தடவைகூட நின்று திரும்பவில்லை.

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு காலிப் பெட்டியிடம் போனாள். குனிந்து வெளிச்சத்தைத் தகட்டில் காட்டினாள். 

பெயர்த்தகடு வெறுமையாக இல்லை. ஒரு வரி அராவி அழிக்கப்பட்டிருந்தது. அழித்த இடத்தில் ஓட்மாரின் பெயருடைய முதல் எழுத்து இப்போது அவள் கண்ணுக்கும் லேசாகத் தெரிந்தது. அதன் கீழே புதிய வரி. உலோகத்தூள்கூடத் துடைக்கப்படவில்லை.

வல்புர்கா நோட்புர்கா கிரெசென்ட்ஸியா.

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

மூடி விலகியிருந்தது. உள்ளே தலையணை. வெள்ளை உறை. அவள் வீட்டு உறை. ஓரத்துப் பின்னல் அவளே போட்டது.

அவள் கதவுக்கு ஓடி, விளக்கைக் கீழே வைத்தாள். கத்தினாள். முஷ்டியால் அறைந்தாள்.

டக். டக். டக்.

அறைந்த பிறகுதான் எண்ணினாள். மூன்று.

"உள்ளே வர விரும்புவது யார்?"

பின்னாலிருந்து. பெட்டிக்குள்ளிருந்து. அவளுடைய குரல். இருபது வருடமாக அவள் போட்டுக்காட்டிய அதே கரகரப்பு.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. மூச்சு விடக் கூடாது.

"தெரியும்" என்றது அவளுடைய குரல், அன்பாக.

கல்தரையில் வெண்கலம் உரசியது. ஒருமுறை. மறுபடியும். இன்னும் கொஞ்சம் கிட்டே.

அவள் திரும்பினாள். விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில், பெட்டியிலிருந்து நீள முடியாத தூரத்துக்கு நீண்டு, அந்தக் கை இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பொன்னாக மின்னிய உள்ளங்கையில், அவளுடைய கல்யாண மோதிரம். அளவு சரிசெய்யப்பட்டிருந்தது.