மூன்று தட்டு

கீபோர்டின் மேல் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. காசிமேட்டில் செதில் ஒட்டாத பொருள் எந்த வீட்டிலும் இருக்காது. செல்வநாதனும் அதைச் சுண்டியெறிந்து மறந்திருப்பான். ஆனால் அவன் படகில் கால் வைத்து ஒரு மாதமாகிறது. செதில் இன்னும் ஈரமாக இருந்தது. தொட்ட விரல்நுனி, ஐஸ் பாளத்தில் வைத்ததுபோல் மரத்துப்போனது.

வெளியே பிற்பகலிலிருந்து விடாத மழை. அதன் இரைச்சலுக்குள் எங்கோ மாதா கோயில் மணி நனைந்த துணிபோல் கனத்து விழுந்தது. மைத்துனன் சைமனின் முப்பதாம் நாள் பூசை. மனைவி ரேச்சலும் மகள் ஹெப்சிபாவும் போயிருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி அவன் மட்டும் வீட்டில் இருந்தான். கூடம் சின்னது. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி தரையோடு தரையாக இருக்க, அதன் மேலேயே நாற்காலியைப் போட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்து போயிருந்தார். சாவில் சந்தேகம் என்று சைமனின் பெண்டாட்டி சுகிர்தம் புகார் கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மாலையில் கோர்ட் தாளோடு வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார். பெட்டியைக் கடலில் தூக்கிப் போடவும் இனி வழியில்லை. உள்ளே இருக்கும் ஒரு வீடியோ மட்டும் போக வேண்டும். படகின் மேல்தளக் கேமராவில் பதிவானதை ஒவ்வொரு முறையும் ஹெப்சிபாதான் இதில் ஏற்றிவைப்பாள். சைமன் செத்த அன்றைக்கும் வழக்கம்போல் ஏற்றிவிட்டாள். அவள் பார்த்துவிடக்கூடாது என்று, அடக்கம் முடிந்த இரவு குடித்துவிட்டு வந்து பாஸ்வேர்டை மாற்றினான். என்னவென்று மாற்றினான் என்பதுதான் நினைவில்லை.

மகள் பெயர். படகின் பெயர். மாதாவின் பெயர். எதற்கும் திறக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தௌசீஃபுக்குப் போன் போட்டான்.

"பேஜாராவாத மாமு. தப்பா அடிச்சா கீய ஒரு வரி வரும் பாரு. நீ வெச்ச குறிப்புதான் அது. அத்தப் பாத்தா தன்னால ஞாபகம் வந்துரும்."

"நான் குறிப்பு எதுவும் வெக்கலியேப்பா."

"அது இல்லாம மிஷின் உடாது. ஃபுல் மப்புல வெச்சிருப்ப." தௌசீஃப் சிரித்தான். "நேர்ல வரலாம்னா இங்க முட்டி வரைக்கும் தண்ணி கீது."

போனை வைத்துவிட்டு எதையோ அடித்து என்டர் தட்டினான். பாஸ்வேர்ட் கட்டத்துக்குக் கீழே, இதுவரை அவன் கவனிக்காத பொடி எழுத்தில், ஒரு வரி வந்தது.

எத்தினி வாட்டி தட்னேன், மாமா?

அவனை மாமா என்று கூப்பிட்டவன் சைமன் ஒருவன்தான்.

மழையின் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. வெயில் பட்ட பழைய மீனும் உருகிய ஐஸும் துருவும் கலந்த, கிடங்கின் வாசனை. படகின் வயிற்றில் மீன் கொட்டிவைக்கும் அந்தக் கிடங்கில் இறங்குகிறவன், வேலை முடிந்ததும் மேல்பலகையை மூன்று முறை தட்டுவான். இன்ஜின் இரைச்சலில் குரல் கேட்காது. மேலே நிற்கிறவன் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால், மூடி திறந்திருக்கிறது, ஏறி வா என்று அர்த்தம். பல வருடப் பழக்கம். தூக்கத்தில் மூன்று தட்டு கேட்டாலும் கால் தானாகப் பதில் சொல்லும்.

அன்றைக்கு மட்டும் அவன் காலை அடக்கிக்கொண்டான். முந்தின நாள் ஏலக்கூடத்தில், மீன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்க, சைமன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். கிடங்கிலேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்றுதான் மூடியைத் தள்ளிச் சாத்தி, மேலே ஏறி நின்று பீடி பற்றவைத்தான். அழுகின மீனின் விஷவாயு பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். பக்கத்துப் படகிலிருந்து அப்துல் வஹாப் கத்திக் கேட்டார்.

"இன்னா மாமு, டொக்கு டொக்குனு சத்தம்?"

"எலி, பாய்."

தட்டுகளை அவன் எண்ணினான். தட்டுவது ஓய்ந்த பிறகும் எண்ணிக்கை மனதில் நின்றது. மூடி தானாக விழுந்ததென்று ஊரை நம்பவைத்தான். எண்ணிக்கையைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று என்று அடித்தான்.

திறந்தது.

வீடியோவைத் தேடிப் பிடித்தான். சின்னப் படத்தில் அவன் முதுகு. பீடிப்புகை. காலடியில் மூடி. அழித்தான். குப்பையையும் காலிசெய்தான். திரும்பத் தேடினான். இல்லை. எங்கேயும் இல்லை. ஒரு மாதமாக நெஞ்சில் நின்ற மூச்சு நீளமாக வெளியேறியது. சிரிப்புகூட வந்தது. இனி சுகிர்தம் என்ன கத்தினாலும் காற்றோடு போகும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான்.

டொக். டொக். டொக்.

டொக். டொக்.

பின்னால் கேட்ட இரண்டு தட்டும் தன் குதிகால்தான் என்று புரிவதற்கு ஒரு நொடி ஆனது.

காலடியில் இரும்பு அசைந்தது. நாற்காலி சரிந்தது. கணுக்காலில் ஏதோ சுற்றியது. குளிர். விரல்கள். நகம் இல்லாத விரல்கள். மேஜையின் விளிம்பைப் பிடித்தான். வழுக்கியது. விளிம்பெல்லாம் செதில்.

அப்புறம் தண்ணீர். கழுத்துவரை. இருட்டு. மேலே மூடி இறங்கும் சத்தம்.

கத்தினான். குரல் தொட்டிக்குள்ளேயே சுற்றி அவன் வாய்க்குத் திரும்பியது. தண்ணீரில் அழுகின மீன் நாறியது. மூடியைத் தள்ளினான். அசையவில்லை. அதன் மேல் யாரோ நின்றிருந்தார்கள். தீக்குச்சி கிழிபடும் சத்தம். விளிம்பின் இடுக்கு வழியாகப் பீடி வாசனை.

மூன்று முறை தட்டினான்.

பதில் இல்லை.

மறுபடி மூன்று. பிறகு கணக்கில்லாமல். முஷ்டியால். நகத்தால்.

வாசற்கதவு திறந்தது. குடை உதறும் சத்தம். ரேச்சலின் இருமல். ஹெப்சிபாவின் குரல், தலைக்கு நேர் மேலே, தெளிவாக.

"இன்னாப்பா சத்தம் அது, டொக்கு டொக்குனு?"

மூடியின் மேல் ஒரு குதிகால் மெதுவாக இடம் மாறி, இன்னும் அழுத்தி நின்றது.

"எலிம்மா" என்றது, மேலேயிருந்து, செல்வநாதனின் குரல்.