நைட்டி மேல் துண்டு

காலை 10.40. மேனாம்பேட்டில் ஒரு வீட்டு ஹாலில் கிருஷ்ணப்பிரியா செத்துக் கிடந்தாள். வயது இருபத்தாறு. தலையில் அம்மிக்குழவியால் அடி. பூப்போட்ட நைட்டி, அதன் மேல் மார்பை மூடி ஒரு துண்டு.

முதலில் பார்த்துக் கத்தியவன் தண்ணீர் கேன் போடும் கௌதம். கத்திய பாவத்துக்குத் தெருவே கூடி அவனை அடித்து மின்கம்பத்தில் கட்டி வைத்தது. நம் ஜனங்களுக்கு யோசனை வருவதற்கு முன்னால் கை வந்துவிடும்.

11.15. சப்-இன்ஸ்பெக்டர் சுரேகா அவனிடம்தான் முதலில் போனார்.

"சத்தியமா நான் இல்ல மேடம். கேன் எடுத்துகினு வந்தேன், கதவு தொறந்தே இருந்துச்சு. அக்கா கீய கெடந்துச்சு. பாத்ததும் கத்திகினே வெளிய ஓடியாந்துட்டேன்."

"துண்டு?"

"மேலதான் இருந்துச்சு."

"கேன் யார் கேட்டது?"

"அக்கா ஊட்டுக்காரு, பாஸ்கரன் அண்ணாத்தே. பத்து பத்துக்குப் போன் பண்ணாரு. ஊட்ல தண்ணி இல்லன்னாரு."

அவனை அடித்தவர்களில் முதல் ஆளான எத்திராஜ் குறுக்கே வந்தார். "பொய் சொல்றான் மேடம், இவன்தான் அடிச்சிருப்பான். ஆனா நாங்க எதையும் தொடல, நாங்க வந்தப்பவும் துண்டோடதான் கெடந்துச்சு."

பாஸ்கரன் சுவரோரம் அழுதுகொண்டிருந்தான். எட்டு மணிக்கே பூந்தமல்லிக்குப் போய்விட்டானாம், சேதி கேட்டு ஓடி வந்தானாம்.

சமையலறையில் மூடி பிரிக்காத இரண்டு கேன்கள் இருந்தன. கட்டிலில் ஒரு கடையின் யூனிஃபார்ம், புது பேண்ட் சட்டை, பெண்கள் அளவு. சுரேகா பிணத்தின் அருகே குனிந்து துண்டைத் தூக்கினார். நைட்டியில் இரத்தம் காய்ந்து மொறமொறத்திருந்தது. துண்டில் ஒரு பொட்டுகூட இல்லை.

எதிர்வீட்டு எல்லம்மாவைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு துண்டு போடாம கதவு தொறக்குமா?"

"ஐய, காய்கறிக்காரன் கொரல் குட்த்தாகூட துண்டு போட்டுகினுதான் வரும். இல்லாங்காட்டி ஊட்டுக்காரு பின்னிடுவாரு."

11.50. சுரேகா பாஸ்கரன் முன்னால் போய் நின்றார்.

"வெளியாள் வந்திருந்தா துண்டு போட்டிருப்பா, இரத்தம் அதுலயும் பட்டிருக்கும். அடிச்சவன் முன்னாடி அவளுக்குத் துண்டு தேவைப்படல. இரத்தம் காஞ்சப்புறம் யாரோ போத்தியிருக்காங்க. பாத்ததுமே கத்திட்டு ஓடினவனுக்கு அதுக்கு ஏது நேரம்? ரெண்டு கேன் முழுசா இருக்கு. மூணாவது எதுக்கு பாஸ்கரன்? பழி போட ஒரு ஆள் வேணும். ஆனா அந்த ஆளு உன் பொண்டாட்டியைத் துண்டு இல்லாம பாத்துடக் கூடாது. கொல்றதுக்குக் கூசல, அதுக்குக் கூசிச்சு உனக்கு."

பாஸ்கரன் அழுகையை நிறுத்தினான்.

"பேண்ட் சட்டை போட்டுகினு வேலைக்குப் போறேன்னா மேடம். கண்டவனும் பாக்கணுமா?"

சுரேகாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. விலங்கை மாட்டினார்.

கௌதமின் கட்டை அவிழ்த்தார்கள். எத்திராஜ் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். "மனசுல வச்சுக்காத நைனா. சாயங்காலம் நம்ம ஊட்டுக்கு ரெண்டு கேன் போட்டுடு."

கௌதம் வலது கையைத் தூக்க முயன்றான். அது எழும்பவில்லை. தோள் எலும்பு நொறுங்கியிருந்தது.